இருபது ரூபா நோட்டுல இருக்குற கடல்

எங்கப்பா பேங்க்ல கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவர். பணம் எண்ணுறதுதான் வேலை, நூறு நோட்டு ஒரு பாக்கெட், பத்து பாக்கெட் ஒரு பண்டில், இப்படியே வருஷக்கணக்குல. அந்த பழைய சிவப்பு இருபது ரூபா நோட்டு ஞாபகம் இருக்கா, 2001ல வந்தது, அதோட பின்பக்கம் ஒரு படம் இருக்கும். முன்னாடி மரங்க, நடுவுல கடல், அந்தப் பக்கம் ஒரு மலை, கூடவே ஒரு லைட்ஹவுஸ். அது அந்தமான்னு அப்பாவுக்கு ரிட்டயர் ஆன பிறகுதான் தெரிஞ்சுச்சாம். 2019ல புது இருபது ரூபா வந்து பின்பக்கம் எல்லோரா ஆயிடுச்சுல்ல, அப்ப யாரோ சொல்லிருக்காங்க. "கட்டு கட்டா எண்ணிருக்கேன்மா, இது எந்த ஊரு கடலுன்னு ஒரு நாள் கூட பாத்ததில்ல"ன்னு ஒரு தடவை சொன்னாரு. அவ்ளோதான், கூட்டிட்டு போன்னு கேக்கல. ஆனா எனக்கு அது மனசுல உக்காந்துடுச்சு. இந்த பிப்ரவரில நானும் அப்பாவும் மட்டும் ஆறு நாள் அந்தமான் போயிட்டு வந்தோம், நோட்டுல இருக்குற அந்த இடத்தை கண்டுபிடிச்சு ஒரு படம் எடுக்கணும், வழியில கிடைக்கிற மத்த இடங்களையும் ஒழுங்கா எடுக்கணும். வேற பிளான் எதுவும் கிடையாது.

ஒழுங்கான்னு ஏன் சொல்றேன்னா, அந்தமான் போயிட்டு வந்த எத்தனையோ பேரோட படங்களை பாத்துட்டேன், இடம் அவ்ளோ அழகா இருக்கும், படத்துல ஒண்ணும் இருக்காது, வெளுத்துப்போன வானம், மட்ட மத்தியானம், மூஞ்சியில நிழல். இது எடுத்தவங்க தப்பு இல்லங்க. அவங்களை அங்க கொண்டு போய் விட்ட நேரம்தான் தப்பு. அந்தமான்ல இடத்தை கண்டுபிடிக்கிறது ஒரு விஷயமே இல்ல, எந்த ஆட்டோகாரரும் கொண்டு போய் விட்டுடுவாரு. அந்த இடம் எத்தனை மணிக்கு எப்படி இருக்கும்னு கண்டுபிடிக்கிறதுதான் முழு வேலையும். அதுக்கு ரெண்டே ரெண்டு விஷயம் தெரியணும், ஒண்ணு சூரியன், இன்னொண்ணு கடல் எப்ப ஏறும் எப்ப வத்தும்ங்கிறது.

சூரியனை முதல்ல சொல்லிடறேன். நம்ம இந்திய நேரம் கிழக்கு தீர்க்கரேகை 82.5 டிகிரிய வச்சு கணக்கு பண்றது. போர்ட் பிளேர் (2024ல ஸ்ரீ விஜய புரம்னு பேர் மாத்திட்டாங்க, ஆனா அங்க இருக்குறவங்க பேச்சுல இன்னும் போர்ட் பிளேர்தான்) கிட்டத்தட்ட 92.7 டிகிரி. ஒரு டிகிரிக்கு நாலு நிமிஷம், அப்போ பத்து டிகிரிக்கு நாப்பது நிமிஷம் முன்னாடியே அங்க எல்லாம் நடந்துடும். சென்னையோட ஒப்பிட்டா அம்பது நிமிஷம். பிப்ரவரி நடுவுல சூரியன் 5:40 வாக்குல வந்துடும், சாயங்காலம் 5:25க்கு போயிடும், ஆறு மணிக்கு கும்மிருட்டு. நம்ம ஊர் பழக்கத்துல நாலு மணிக்கு டீ குடிச்சிட்டு அஞ்சு மணிக்கு பீச்சுக்கு கிளம்பினா முடிஞ்சுது. நல்ல வெளிச்சமே நாலு மணிக்கு ஆரம்பிக்குது அங்க. மத்தியானம் சூரியன் உச்சிக்கு வர்றதும் பதினொன்றரை மணிக்கே, அதனால பத்து மணியில இருந்து ரெண்டு ரெண்டரை வரைக்கும் நாங்க கேமராவ தொடவே இல்ல, சாப்பாடு, தூக்கம், போட்டுல போறது எல்லாத்தையும் அந்த நேரத்துல வச்சுக்கிட்டோம்.

கடல் விஷயத்தை நான் ஒரு அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன்.

ஒரு ஏஜென்சி மூலமா பேக்கேஜ் போட்டிருந்தோம். அவங்க கொடுத்த அட்டவணையில நீல் தீவுல (இப்ப ஷஹீத் த்வீப்) இறங்கின உடனே காலைல 10:30க்கு நேச்சுரல் பிரிட்ஜ்னு போட்டிருந்தது. கடல் அரிச்சு அரிச்சு பாறையில தானா உண்டான வளைவு அது, மேல செடி மரமெல்லாம் முளைச்சு நிக்கும். அங்க குடியேறின பெங்காலிங்க அதுக்கு ஹௌரா பிரிட்ஜ்னே பேர் வச்சுட்டாங்க. அப்பாவுக்கு முழங்கால் வலி, பாறை மேல நடக்கணுமேன்னு எனக்கு கவலை, ஆனா வந்துட்டோம்னு படி இறங்கி போனா அங்க நடக்குறதுக்கு பாறையே இல்ல. தண்ணி. கடல் நிறைஞ்சு நிக்குது, அலை வந்து கரையோர பாறையில மோதி தெறிக்குது, வளைவுக்கு போற வழி மொத்தமும் முங்கிக் கிடக்கு. எங்க கூட இறங்கின நாப்பது அம்பது பேர் தூரத்துல இருந்து அந்தப் பக்கமா கைய காட்டி செல்ஃபி எடுத்துட்டு திரும்பிட்டாங்க. கைக்குழந்தையோட வந்த ஒரு பொண்ணு "இதுக்கா வந்தோம்"னு புருஷன்கிட்ட கேட்டா பாருங்க, எனக்கே அழுகை வந்துடுச்சு. அட்டவணை போட்டவங்க ஒரே ஒரு நிமிஷம் டைட் டேபிள் (கடல் எப்ப ஏறும் எப்ப வத்தும்னு சொல்ற நேரப் பட்டியல்) பாத்திருந்தா போதும்ங்க! அது ரகசியம் ஒண்ணும் இல்ல, யார் வேணா பாக்கலாம், அடுத்த வருஷத்துக்கு கூட இப்பவே கிடைக்கும். அது தெரியாம ஜனங்களை இவ்ளோ தூரம் வரவச்சு திருப்பி அனுப்புறது ரொம்ப வருத்தமான விஷயம்.

மேல ஏறி வந்து இளநி குடிச்சிட்டு இருந்தப்ப எங்க ஆட்டோக்காரர் கேட்டாரு, பாக்கலையா தீதின்னு (தீதின்னா அக்கா). எனக்கு தெரிஞ்ச ஹிந்தில தண்ணியா இருக்குன்னு சொன்னேன். அவர் சிரிக்கல, ரொம்ப பொறுமையா சொன்னாரு, "அபி ஜோயார் ஹை தீதி, சார் பஜே பாட்டா." பெங்காலில ஜோயார்னா கடல் ஏறுறது, பாட்டான்னா வத்துறது. நாலு மணிக்கு மேல வாங்க, நானே கூட்டிட்டு வரேன், பாபுஜிய மெதுவா இறக்கிடலாம்னாரு. முந்தின நாள்தான் பௌர்ணமி, அதனால இன்னைக்கும் நல்லா வத்தும்னு அவரே விரல் விட்டு கணக்கு போட்டாரு. அந்த கணக்கு என்னன்னா, கடல் ஒரு தடவை ஏறினதுல இருந்து அடுத்து ஏற சுமாரா 12 மணி 25 நிமிஷம், அதனால ஒவ்வொரு நாளும் எல்லாமே அம்பது நிமிஷம் தள்ளிப் போகும். பௌர்ணமி அமாவாசை ஒட்டி ரொம்ப ஏறும் ரொம்ப வத்தும், அஷ்டமி பக்கம் ரெண்டுமே கம்மி. நம்ம வீட்டு காலண்டர்லயே பாதி விஷயம் இருக்குன்னு அப்பாவுக்கு ஒரே ஆச்சரியம். நான் ரூமுக்கு போய் போன்ல டைட் டேபிளை பாத்தேன், அன்னைக்கு கடல் முழுசா வத்துற நேரம் சாயங்காலம் 4:40. சூரியன் மறையுறது 5:25. ரெண்டும் ஒண்ணா சேர்ந்து வர்ற மாதிரி ஒரு நாள் எப்பவாவதுதான் அமையும், அது அன்னைக்குதான், அட்டவணைப்படி பாத்தா நாங்க அந்நேரம் வேற பீச்ல உக்காந்து சூரிய அஸ்தமனம் பாத்துட்டு இருக்கணும். அதை ரத்து பண்ணிட்டோம்.

நாலு மணிக்கு போனா அது வேற ஊரு. காலைல தண்ணி இருந்த இடம் முழுக்க பாறையும் செத்துப்போன பவளமும் வெளிய கிடக்கு, நடுநடுவுல பள்ளம், பள்ளத்துல தெளிஞ்ச தண்ணி. அங்க உள்ளூர் பசங்க சில பேர் காசு வாங்கிட்டு ஒவ்வொரு பள்ளமா காட்டுவாங்க, நான் ஒரு பையனை கூட வச்சுக்கிட்டேன், கொடுத்த காசுக்கு பல மடங்கு. கடல் அட்டை காட்டினான், கறுப்பா தடியா அசையாம கிடக்கு. ஒரு இடத்துல பாறைக்குள்ள பதிஞ்சு ஒரு சிப்பி, வாய திறந்து வச்சிருக்கு, அந்த உதடு ஊதாவும் நீலமுமா வெல்வெட் துணி மாதிரி நெளிநெளியா இருக்கு, என் கை நிழல் மேல பட்டதும் டக்குனு மூடிக்கிச்சு. நான் கைய எடுத்துட்டு அசையாம உக்காந்திருந்தேன். கொஞ்சம் கொஞ்சமா திறந்தது, முதல்ல ஒரு கோடு, அப்புறம் அந்த நீலம். அந்த ஒரு சிப்பிக்கு பதினஞ்சு நிமிஷம் செலவாச்சு, மொத்த டூர்ல எனக்கு ரொம்ப பிடிச்ச படங்கள்ல ஒண்ணு அதுதான். தண்ணிக்குள்ள இருக்குறதை எடுக்கும்போது மேல வானம் பளபளன்னு பிரதிபலிச்சு உள்ள ஒண்ணுமே தெரியாது, அதுக்கு போலரைசர் ஃபில்டர் மாட்டி மெதுவா திருப்பினா ஒரு இடத்துல அந்த பளபளப்பு அப்படியே விலகி அடி வரைக்கும் தெரியும். போன்ல எடுக்குறவங்க போலரைஸ்டு கூலிங் கிளாஸை லென்ஸுக்கு முன்னாடி பிடிச்சு திருப்பி பாருங்க, நான் அப்பா கண்ணாடிய வச்சு அப்படித்தான் அவர் போன்ல எடுத்துக் கொடுத்தேன்.

வளைவு கிட்ட போனப்ப மணி நாலே முக்கால். பாறை மேல சாய்ஞ்ச வெயில் விழுந்து, காலைல சாம்பல் கலரா இருந்தது இப்ப நாட்டுச் சர்க்கரை கலருக்கு வந்திருந்தது. எல்லாரும் வளைவுக்கு நேரா நின்னு எடுக்குறாங்க, அப்படி எடுத்தா பின்னாடி வானம் வெளுத்து பாறை கறுப்பா போயிடும். நான் ரெண்டு பக்கமும் சுத்தி பாத்துட்டு, கீழ ஒரு சின்ன பள்ளம் கிட்ட கேமராவ தரையோட தரையா வச்சேன், வளைவு மேலயும் அதோட தலைகீழ் உருவம் தண்ணிலயும் ஒரே ஃப்ரேம்ல வந்துச்சு. ஆனா அளவு தெரியல, அது பெரிய வளைவா சின்ன வளைவான்னு படத்தை பாத்தா புரியல. ஆட்டோக்காரர் அப்பாவை கைய பிடிச்சு கூட்டிட்டு வந்துட்டு இருந்தாரு, ரெண்டு பேரும் சரியா வளைவுக்கு அடியில வந்தப்ப அப்பா நின்னு மேல அண்ணாந்து பாத்தாரு. அப்ப எடுத்துட்டேன். போஸ் கொடுக்க சொல்லிருந்தா அது வந்திருக்காது. அந்த ஆட்டோக்காரருக்கு ஒரு பிரிண்ட் போட்டு தபால்ல அனுப்பிட்டேன், பின்னாடி தேதியும் 4:40ன்னும் எழுதி.

அங்க போறவங்களுக்கு ஒண்ணு, வழுக்காத செருப்பு கட்டாயம், அதை விட முக்கியம் எங்க கால் வைக்கிறோம்னு பாத்து வைங்க, தண்ணிக்குள்ள கலரா தெரியுற பவளம் உயிரோட இருக்கு, மிதிச்சா செத்துடும். சங்கு பவளம் எதையும் எடுத்துட்டு வரக்கூடாது, அனுமதி இல்லாம கொண்டு போனா ஏர்போர்ட்ல பிடிப்பாங்க. நல்ல சட்டம் அது.

நீல்ல இன்னொரு விஷயம் அப்பாவுக்கு ரொம்ப பிடிச்சுது, ஊர் பேரெல்லாம் ராமாயணம். சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம்நகர். கிழக்கு வங்காளத்துல இருந்து அகதியா வந்து குடியேறினவங்க வச்ச பேருங்க. பீச்சுக்கு பீச்சு நடுவுல வயலும் காய்கறி தோட்டமுமா இருக்கு, போர்ட் பிளேருக்கு காய்கறி இங்கருந்து போகுது. மறுநாள் காலைல அஞ்சு மணிக்கு சீதாபூர் போனோம், அது கிழக்கு பாத்த கரை. வழியில புடலங்கா பந்தல் மேல பனி மாதிரி ஒரு புகை படிஞ்சு கிடக்க, மேற்குல நிலா இன்னும் போகாம நின்னுச்சு. பீச்சுக்கு போற அவசரத்துல அதை எடுக்காம வந்துட்டேன், அது இன்னும் உறுத்துது.

ஹேவ்லாக் (ஸ்வராஜ் த்வீப்) அதுக்கு முன்னாடியே ரெண்டு நாள் இருந்தோம். ராதாநகர் பீச் பத்தி சொல்லணும்னா எல்லாரும் சொல்றதுதான், 2004ல டைம் பத்திரிகை ஆசியாவோட சிறந்த பீச்னு சொன்னது, ரெண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு வெள்ளை மணல், மேற்கு பாத்தது, சூரியன் கடல்ல போகும். ஆனா நூத்துக்கணக்குல ஜனங்க ஒரே பக்கம் பாத்து நிக்கிறாங்க. சூரியன் போறதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி திரும்பி நின்னு கரைய பாருங்க, காட்டு ஓரத்துல உசரமா நிக்குற கடல் மகுவா மரங்களோட தண்டு மேல அந்த வெயில் முழுக்க விழுது, இலைங்க பச்சையும் செம்புமா மின்னுது. நான் சூரியனை ரெண்டே படம்தான் எடுத்தேன், மரங்களை எண்பது.

அதுக்கும் முன்னாடி, நாலரை மணி வாக்குல, அப்பா கீழ குனிஞ்சு "இது யாரு போட்ட கோலம்"னு கேட்டாரு. ஈர மணல் முழுக்க கடுகுல இருந்து மிளகு அளவு வரைக்கும் மண் உருண்டைங்க, ஒவ்வொரு சின்ன ஓட்டையச் சுத்தியும் வெயில் கதிர் மாதிரி வரிசை வரிசையா. விரல் நகம் அளவு கூட இல்லாத குட்டி நண்டுங்க வேலை அது. கடல் வத்தினதும் வெளிய வந்து மணலை வாயில போட்டு அதுல இருக்குற சாப்பாட்டை எடுத்துக்கிட்டு மிச்சத்தை உருட்டி பின்னாடி தள்ளிட்டே போகுது. நாம நடந்தா எல்லாம் உள்ள ஓடிடும், உக்காந்து ரெண்டு நிமிஷம் அசையாம இருந்தா ஒவ்வொண்ணா கண்ண நீட்டி பாத்துட்டு வரும். சாய்ஞ்ச வெயில்ல ஒவ்வொரு உருண்டைக்கும் ஒரு நீள நிழல். மத்தியானம் எடுத்தா இது படத்துல தட்டையா புள்ளி புள்ளியா போயிடும், அந்த நேரத்துல ஒவ்வொரு உருண்டையும் தொட்டு எடுக்கலாம் போல இருந்துச்சு. நான் வயிறு மணல்ல பட படுத்து, வெயிலுக்கு எதிர்ப்பக்கமா பாத்து எடுத்தேன். கொஞ்ச நேரத்துல தண்ணி ஏற ஆரம்பிச்சுது, முதல் அலை வந்து ஒரு முழம் கோலத்தை அழிச்சுது, அடுத்தது இன்னும் ஒரு முழம். அப்பா ஒவ்வொரு அலைக்கும் ஒரு அடி பின்னாடி வந்து மிச்சம் இருக்குறதை பாத்துட்டே இருந்தாரு.

வெள்ளை மணல்ல ஒரு சிக்கல் உண்டு, கேமரா அவ்ளோ வெளிச்சத்தை பாத்து பயந்து படத்தை இருட்டாக்கிடும், மணல் சிமெண்ட் மாதிரி தெரியும். எக்ஸ்போஷரை (படத்தோட வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப்ல இருந்து ஒரு ஸ்டாப் வரைக்கும் ஏத்தி வச்சுக்கணும், போன்னா திரையில தொட்டு விரலை மேல இழுக்கணும். காலைல காலாபத்தர் பீச் போனப்ப இன்னொரு தொந்தரவு, ஏசி ரூம்ல இருந்து நேரா வெளிய எடுத்ததும் லென்ஸ் முழுக்க ஆவி, துடைக்க துடைக்க வருது, சூரியன் வந்து முடிஞ்சே போச்சு. அன்னைல இருந்து பைய ராத்திரியே பாத்ரூம் ஜன்னல் ஓரம், ஏசி படாத இடத்துல வச்சேன். உப்புக்காத்து படிஞ்ச கேமராவ காய்ஞ்ச துணியால தேய்க்காதீங்க, கோடு விழும், லேசா ஈரத்துணி.

டிரோன் கொண்டு போகலாமான்னு ரெண்டு பேர் கேட்டிருந்தாங்க, அனுமதி இல்லாம பறக்க விட முடியாது, வீட்டுலயே வச்சுட்டு போங்க. பாரடாங் தீவுக்கு போகலையான்னும் கேட்டாங்க. போகல. அந்த ரோடு ஜாரவா பழங்குடி மக்களோட காட்டு வழியா போகுது, வண்டியெல்லாம் கான்வாயா போகும், அவங்களை படம் எடுக்குறது குற்றம். எடுக்க மாட்டேன்னு எனக்கு தெரியும், ஆனா அவங்க வீட்டு நடுவுல வேடிக்கை பாக்குற கூட்டத்துல நானும் ஒருத்தியா இருக்க வேண்டாம்னு தோணுச்சு. அப்பாவும் சரின்னுட்டாரு.

போர்ட் பிளேர்ல ராஸ் தீவு (நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப்) மேகமூட்டமான நாள்ல போங்க. வெள்ளைக்காரன் தலைமை இடமா வச்சிருந்த தீவு அது, சர்ச்சும் பங்களாவும் இடிஞ்சு, செங்கல் சுவரை மரத்தோட வேர் பாம்பு மாதிரி சுத்தி பிடிச்சு நிக்குது. வெயில் அடிச்சா இலை நிழல் திட்டுத்திட்டா விழுந்து வேர் எது சுவர் எதுன்னு தெரியாது. எங்களுக்கு வெயில்தான் வாய்ச்சுது.

கடைசி நாளுக்குத்தான் நோட்டு விஷயத்தை வச்சிருந்தோம். நோட்டுல இருக்குற காட்சி மவுண்ட் ஹாரியட் மலையில இருந்து தெரியும்னு அங்க சொல்றாங்க. 1891ல வெள்ளைக்காரனோட நடந்த போருக்கு அப்புறம் மணிப்பூர் ராஜா குலச்சந்திரா அங்கதான் நாடு கடத்தப்பட்டு இருந்தாருன்னு 2021ல அதுக்கு மவுண்ட் மணிப்பூர்னு பேர் வச்சாங்க. சாத்தம்ல இருந்து வண்டிய ஃபெர்ரில ஏத்தி அந்தப் பக்கம் பேம்பூ ஃபிளாட்ல இறங்கி மலை ஏறணும். எங்க டிரைவர் தமிழ்ப்பையன், தாத்தா காலத்துலயே ராமநாதபுரத்துல இருந்து வந்தவங்களாம், அவன் பொறந்தது வளந்தது எல்லாம் அங்கதான், தமிழ் சுத்தமா பேசுறான், நடுவுல மட்டும் ஹிந்தி தானா வந்து விழும். மலை அடிவாரத்துல ஹோப் டவுன் வந்ததும், "ஐயா இங்கதான் வைஸ்ராய் மேயோவை குத்திக் கொன்னாங்க"ன்னு காட்டினான், ஷேர் அலி அஃப்ரிடிங்குற கைதி, 1872 பிப்ரவரி 8.

மேல போற வழியில ஒரு வளைவுல வண்டிய ஓரங்கட்டி, "அக்கா, இருபது ரூபா இடம் இதுதான்"னான். இறங்கி நின்னா, கீழ நார்த் பே, பச்சையும் நீலமுமா, அதைத் தாண்டி காடு போத்தின நிலம் கடலுக்குள்ள நீட்டிட்டு போகுது, அங்க லைட்ஹவுஸ். அப்பா ஒண்ணும் பேசாம சட்டைப்பையில இருந்து ஒரு கவர் எடுத்தாரு, உள்ள ஒரு சிவப்பு இருபது, மடிப்பே இல்லாம. பேங்க்ல வாங்கி பத்திரமா வச்சிருந்திருக்காரு, எனக்கே தெரியாது.

அவர் கைய நீட்டி நோட்டை பிடிக்க நான் பின்னாடி இருந்து எடுக்கணும்னு நினைச்சேன். ஆனா நோட்டு தெளிவா வந்தா கடல் கலங்கலா வருது, கடல் தெளிவா வந்தா நோட்டு கலங்குது. அப்பாவை கைய முழுசா நீட்ட சொல்லிட்டு நான் நாலு அடி பின்னாடி போனேன், அகலமான லென்ஸ், அபர்ச்சரை (லென்ஸோட துளையை) சின்னதாக்கி 16க்கு கொண்டு போனதும் ரெண்டும் ஓரளவு சேர்ந்து வந்துச்சு. காத்துல நோட்டு பட்டுபட்டுன்னு அடிச்சுக்குது, அவர் ரெண்டு கட்டைவிரலாலயும் ஓரத்தை அழுத்தி, கவுண்டர்ல கள்ள நோட்டு பாக்க வெளிச்சத்துல தூக்கிப் பிடிப்பாரே அதே பிடி, அப்படி பிடிச்சாரு. நோட்டுல இருக்குற மரத்தோட சரியா பொருந்தல, "இந்த மரமெல்லாம் அப்ப இருந்திருக்காதுமா, இல்லன்னா வளந்திருக்கும்"னு சொல்லிட்டு ஒரு அடி இடது பக்கம் நகந்தாரு, அப்புறம் கொஞ்சம் குனிஞ்சாரு, முழங்கால் வலி ஞாபகமே இல்ல. மலைச்சரிவு கோடும் நோட்டு கோடும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துச்சு.

நான் எடுக்கப் போனேன். அப்ப பாத்து ஒரு மேகம் வந்து லைட்ஹவுஸ் இருக்குற பக்கம் மொத்தமும் நிழலாயிடுச்சு. ஃபெர்ரிக்கு நேரம் ஆகுது, பரவால்ல இப்படியே எடுத்துடறேன்பான்னு சொன்னேன்.

நீட்டின கைய இறக்காம, திரும்பிக்கூட பாக்காம, "இரும்மா, அந்த மேகம் நகரட்டும்"னாரு.